யாரோ வாழ்ந்த வீடு
(ஏற்காட்டில் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் எதை வரைகிறார்கள்? இரண்டு மலை, நடுவே சூரியன், ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் தென்னையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பிள்ளை வாழ்வது மூங்கில் தட்டியில் மண் பூசிய வீடாக இருக்கலாம். காப்பித் தோட்டத்து லைன் வீடாக இருக்கலாம். அது மட்டும் தாளுக்கு வருவதில்லை. தன் வீடு வரையத் தகுந்ததல்ல என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. என் கவலை இதுதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போரால் இடம்பெயர்ந்த மக்களிடம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அப்படி வந்த 80 வீடுகளை 2011இல் நூலாக்கினார். ஒவ்வொரு கைப்படத்தோடும் கட்டடக்கலை வரைபடமும் அவருடைய ஓவியமும் உண்டு. நூலின் தலைப்புக்கு ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள். தோம்பு என்பது டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. பதிவேட்டில் நிலத்தின் அளவு இருக்கும். முற்றத்து மரநிழல் இருக்காது. அந்த நிழலை மக்களின் கை வரைந்தது.

இதை வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுவருவது? பழைய நாளிதழ், நாட்காட்டி, வார இதழ்களிலிருந்து முன்பின் தெரியாத வீடுகளின் படங்களைச் சேகரியுங்கள். குழுவுக்கு ஒன்று கொடுத்து மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்த வீட்டில் முதலில் எழுபவர் யார்? மழை பெய்தால் எங்கே ஒழுகும்? இங்கே படுத்து உறங்கினால் என்ன கனவு வரும்?

தன் வீட்டைப் பற்றிப் பேசத் தயங்கும் பிள்ளையும் யாரோ ஒருவர் வீட்டைப் பற்றித் தாராளமாகப் பேசும். பேசப் பேசப் பாட்டியின் அடுப்பும், திண்ணையும், வேலைக்குப் போன அம்மா திரும்பி வரும் நேரமும் அந்தப் படத்துக்குள் வந்து சேரும். உண்டு உறைவிடப் பள்ளியில் வீட்டைப் பிரிந்து தங்கும் பிள்ளைக்கு இது இன்னும் தேவை.

ஒரு வேண்டுகோள். “இது உன் வீடா?” என்று கேட்காதீர்கள். மதிப்பெண் போடாதீர்கள். கனவுக்கு விளக்கமும் சொல்லாதீர்கள்.

அடுத்த வாரம், விரும்பும் பிள்ளைகள் தங்கள் வீட்டின் தரைப்படத்தை வரையட்டும். காலடியால் அளந்து வந்தால் அதுவே கணக்குப் பாடமும் ஆகும். அந்தத் தாளில் தென்னை இல்லாமல் போனால், பாடம் நடந்துவிட்டது என்று பொருள்.