தண்டின் உயிர் எங்கே?

கண்டி மாநகருக்குக் கிழக்கே, தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்தது தெல்தெனிய. அதன் பழைய நகரம், மகாவலியை மறித்து எழுந்த விக்டோரியா நீர்த்தேக்கத்தினுள் 1980களில் அமிழ்ந்தது. இன்றைய நகரம் மேட்டு நிலத்தில் அமைக்கப்பெற்றது. இப்பள்ளத்தாக்கு நெடுங்காலமாகக் கொக்கோவுக்குப் பேர்பெற்றது.

மாமரம் கிளை நுனியில் பூக்கும். கொக்கோவோ, பலாவைப் போல, அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்ப்பது. அதன் பட்டையின்மேல் சிறு திண்டு போன்ற மேடுகள் உள்ளன. அவற்றிலிருந்தே மீண்டும் மீண்டும் பூக்கள் தோன்றுகின்றன. காய் பறிப்பவரின் கத்தி அம்மேட்டைச் சிதைத்துவிட்டால், பின்னர் அவ்விடத்தில் பூவும் இல்லை, காயும் இல்லை. பங்கசு நோய்க்கும் அக்காயமே வாயிலாகிவிடும். ஆகவே, தண்டின் அமைப்பை அறிவது பயிரிடுவோரின் வருவாயைக் காப்பதாகும்.

பட்டையின் உட்புறத்தில் உரியம் என்னும் இழையம் இருக்கிறது. இலைகள் ஆக்கிய உணவை வேருக்கும் பிற பாகங்களுக்கும் கொண்டுசெல்வது அது. அதற்கு உள்ளே இருப்பது காழ்; வேர் உறிஞ்சிய நீரை மேலேற்றுவது இது. இவ்விரண்டுக்கும் இடையே மிக மெல்லியதாய் அமைந்தது மாறிழையம். இது உட்புறமாகக் காழையும் வெளிப்புறமாக உரியத்தையும் தோற்றுவிப்பதனாலேயே மரம் பருக்கிறது. முதிர்ந்த மரத்தின் நடுவேயுள்ள வைரமோ உயிரற்றது. உள்ளே பொந்து விழுந்த மரமும் தழைத்து நிற்பதன் காரணம் இதுவே.

ஆனால், பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் என்ன நேரும்? காழ் வழியே நீர் ஏறிக்கொண்டிருப்பதால் இலைகள் சில காலம் பசுமை மாறாது நிற்கும். கேடொன்றுமில்லை என்று நாம் எண்ணுவோம். வேரோ உணவின்றி மெல்ல மெல்ல மடியும்; பின்னர் மரமே பட்டுப்போகும்.

தென்னைக்கும் கித்துளுக்கும் இத்தகைய மாறிழையம் இல்லை. அவற்றின் நீர்க்குழாய்களும் உணவுக்குழாய்களும் சிறு கற்றைகளாகத் தண்டு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. ஏறுவதற்கென்று தென்னையிலே வெட்டிய படிகள் எத்தனை ஆண்டு சென்றாலும் மூடிக்கொள்வதில்லை. மாமரத்தின் சிறு காயத்தையோ மாறிழையம் புதிய இழையத்தால் மெல்ல மூடிவிடும்.

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். கத்தி கூரியதாக இருந்து, வெட்டு வழுவழுப்பாக அமைந்தால், பட்டையில் உறங்கிக் கிடக்கும் அரும்புகள் விழித்துப் புதிய தளிர்களைத் தருகின்றன. மழுங்கிய கத்தியால் பட்டை கிழிந்தாலோ கொப்பு உலர்ந்து அழுகத் தொடங்கும். வேரிலே சேமித்த மாப்பொருள் குறைந்திருக்கும் காலத்தில் வெட்டினால் செடியே இறக்கவும் கூடும். கவ்வாத்துக்காரரின் கைத்திறன் பெரும் பயிர் அறிவு என்பதை நாம் மறத்தலாகாது.

மரத்தின் வலிமை வைரத்தில் இருக்கலாம். அதன் உயிரோ பட்டையை அடுத்தே இருக்கிறது. கம்பி இறுக்கிக் கட்டுவதற்கும், விளம்பரப் பலகை அறைவதற்கும், வீணே பட்டையைக் கொத்துவதற்கும் முன்னர் இதனைச் சற்று நினைவுகூர்வோமாக.