நாய்க்குக் கருத்தடை: எங்கே கொண்டு செல்வது?



பட்டிக் காவலுக்கு நாம் வளர்க்கும் பெண் நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வருகிறது. கருவுற்றால் ஏறக்குறைய 63 நாளில் குட்டி ஈனுகிறது. ஆண் குட்டியை யாரேனும் கேட்டு வாங்கிச் செல்வர். பெண் குட்டிகளையோ சந்தையோரம் விட்டு வருகிறோம், இதை மறைப்பதற்கில்லை. தடுப்பூசி காணாத அவற்றுக்கு வெறிநோய் கண்டால் நம் ஆட்டையும் பிள்ளையையும் கடிக்கும்.

2023ஆம் ஆண்டு விதிகளின்படி தெருநாய்க்குக் கருத்தடை செய்விப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. வளர்ப்பு நாய்க்கு வீட்டாரே பொறுப்பு. முதலில் நம் ஊர்க் கால்நடை மருந்தகத்து மருத்துவரைக் கேட்போம். பெண் நாய்க்கு வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை இது. மயக்க மருந்தும் தக்க அறையும் வேண்டும். அங்கு வசதி இல்லையேல் பெரிய கால்நடை மருத்துவமனைக்கோ, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ செல்ல நேரலாம். எந்நாளில் அறுவை, என்ன செலவு, எப்போதிருந்து பட்டினி போடுவது, தையல் பிரிக்க மீண்டும் வரவேண்டுமா என்பவற்றை முன்னரே கேட்டறிவது நன்று.

ஒற்றை நாய்க்காக ஐம்பது கல் தொலைவுக்கு யார் வண்டி பிடிப்பார்? ஊராட்சி மன்றம் பத்து வீட்டாரின் பெயரெழுதி, மருத்துவரிடம் நாள் கேட்டு, ஒரே வண்டியில் அனுப்பலாம். வாய்க்கட்டு மட்டும் மறவாதீர்கள்!