எது செய்தி? யார் தீர்மானிக்கிறார்கள்?

(ஓசூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வாசகர் கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இரவு ஷிப்டு முடித்து நேராக இங்கே வந்திருப்பவர்கள் பலர். தளி, கெலமங்கலம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: "எங்கள் ஆலையில் இருபது நாளாகக் கூலி பாக்கி. ஒரு பத்திரிகையும் எழுதவில்லை. ஆனால் சானமாவு காட்டுக்கு யானை வந்தால் மறுநாளே படத்தோடு போடுகிறான். நாம் யானையைவிட மட்டமா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல. எத்தனை யானை வந்தது, அதில் குட்டி எத்தனை என்று கணக்கோடு செய்தி வருகிறது. அதே காட்டோரத்தில் ராகிக் கொல்லையில் பரண் மேல் உட்கார்ந்து இரவெல்லாம் காவல் காக்கிறானே, அவனுக்கு என்ன கூலி என்று எங்காவது வாசித்திருக்கிறீர்களா? அவனை யானை மிதித்தால் வரும். மிதிக்கிற வரையில் அவன் செய்தியல்ல.

பத்திரிகைத் தொழிலில் ஒரு பழைய பேச்சு உண்டு. நாய் மனிதனைக் கடித்தால் செய்தியல்ல, மனிதன் நாயைக் கடித்தால்தான் செய்தி என்பார்கள். இதைச் சொன்னவன் கூலிக்குப் போனவனாக இருக்க முடியாது. விடியுமுன் தக்காளித் தோட்டத்துக்குப் போகிற பெண்ணை நாய் கடித்தால், ஊசிக்காக நாலைந்து தடவை ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போயிற்று. அவள் வீட்டில் அந்த மாதம் முழுதும் அதுதான் தலைப்புச் செய்தி!

இதை ஆராய்ச்சி செய்தே சொல்லியிருக்கிறார்கள். நார்வே தேசத்தைச் சேர்ந்த யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இருவர் 1965-ம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். காங்கோ, கியூபா, சைப்ரஸ் ஆகிய மூன்று இடங்களில் நடந்த நெருக்கடிகளை நார்வேயின் நான்கு பத்திரிகைகள் எப்படி வெளியிட்டன என்று கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒரு சம்பவம் செய்தியாவதற்குப் பன்னிரண்டு அம்சங்கள் உதவுகின்றன என்று வகுத்தார்கள். பெரிய தேசமாக இருக்க வேண்டும், பெரிய மனிதனாக இருக்க வேண்டும், கெட்டது நடந்திருக்க வேண்டும், குழப்பமில்லாமல் விளங்க வேண்டும், இப்படிப் போகிறது. பன்னிரண்டையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக் கொள்ளுங்கள். தினப் பத்திரிகைக்கு ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடிகிற சம்பவம்தான் தோதுப்படும். மெதுவாக நடப்பது அதன் கண்ணில் படாது.

கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் வேலை செய்கிற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். பாறை சரிந்து ஆள் செத்தால் அன்று மாலையே நிருபர் வந்துவிடுவார். தூசி பத்து வருஷமாக நெஞ்சில் இறங்குகிறது. அது எந்தத் தேதியில் நடந்தது என்று எழுதுவது? எத்தனை மணிக்கு? தேதியில்லாத சாவு பத்திரிகைக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நிற்கிறது.

ரோஜாவையும் பாருங்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜா வெளிநாடு போகிறது, விலை இவ்வளவு என்று தவறாமல் வரும். பசுமைக்குடிலுக்குள் மருந்து நெடியில் நின்று பூ வெட்டுகிற பெண்ணின் கை அந்தப் படத்தில் இருக்கும், முகம் இருக்காது.

இதற்காக நிருபரைத் திட்டிப் பயனில்லை. நானும் ஒரு காலத்தில் திட்டினேன். பிறகு அவர்களோடு டீ குடித்துப் பழகியதில் தெரிந்து கொண்டேன். பல பத்திரிகைகளில் தாலுகா நிருபருக்கு ஒழுங்கான மாதச் சம்பளமே கிடையாது. வந்த செய்திக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. விளம்பரமும் அவரே பிடித்துத் தர வேண்டும். யாரிடம் விளம்பரம் வாங்குகிறாரோ அந்த முதலாளியைப் பற்றி எழுதச் சொன்னால் என்ன செய்வார்? அவரும் ஒரு வகையில் காண்டிராக்ட் கூலிதான், சட்டைப் பையில் பேனா இருக்கிறது, அவ்வளவே. அவர் எழுதியனுப்பினாலும் அது ஜில்லா ஆபீசுக்குப் போய், அங்கே ஒருவர் வெட்டி, மேலே ஒருவர் வெட்டி, கடைசியில் விளம்பரம் போக மிஞ்சிய இடத்தில்தான் உட்கார வேண்டும்.

2024 செப்டம்பர் 28-ந் தேதி நாகமங்கலம் பக்கத்து டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தீப் பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். புகை பல மைலுக்குத் தெரிந்தது. உயிர்ச் சேதமில்லை. புகையை இழுத்தவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. உத்தனப்பள்ளி எங்கே இருக்கிறது என்று அறியாத வெளிநாட்டுச் செய்தி ஸ்தாபனங்கள் எல்லாம் அன்று நம் பெயரைச் சொல்லின. ஏன்? அங்கே ஐபோனுக்கு உதிரிப் பாகம் தயாராகிறது. பண்டிகை விற்பனைக்குச் சரக்கு குறையுமா, ஆப்பிள் கம்பெனிக்கு எவ்வளவு பாதிப்பு என்றுதான் உலகம் கவலைப்பட்டது. அது பொய்யல்ல, வியாபாரிக்கு அது வேண்டிய செய்திதான். ஆனால் வேலை நின்ற நாட்களுக்குச் சம்பளம் உண்டா, விடுதியில் இருக்கும் பெண்கள் என்ன செய்வார்கள் என்பது நம் வீடுகளில் கேட்கப்பட்ட கேள்வி. ஒரே தீ, ஆனால் யார் கேட்கிறார்களோ அவர்களுக்குத் தக்க செய்தி மாறுகிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். வாச்சாத்தி.

இளைஞர்களில் சிலருக்குப் பெயர் மட்டும் தெரிந்திருக்கும். அரூர் தாலுகாவில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடி மக்களின் கிராமம். அப்போது கிருஷ்ணகிரி தனி ஜில்லா ஆகவில்லை, 2004-ல்தான் பிரிந்தது. நாமும் அவர்களும் ஒரே தர்மபுரி ஜில்லாதான். 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவின்யூ இலாகாவினர் அந்த ஊரில் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். கிணற்றில் எண்ணெயைக் கொட்டினார்கள். ஆடு மாடு கோழியை அடித்துத் தின்றார்கள். பதினெட்டுப் பெண்களை ஏரிப்பக்கம் கொண்டு போய்ப் பலாத்காரம் செய்தார்கள். குழந்தைகளும் பெண்களும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சிறையில் தள்ளினார்கள். மிஞ்சியவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஊரில் ஓர் ஆள் இல்லை.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டா? திடீரென்று நடந்தது. கெட்டது. நூற்றுக்கணக்கான பேர் சம்பந்தப்பட்டது. நார்வேக்காரர் சொன்ன அளவுகோலில் பாதிக்கு மேல் பொருந்துகிறது. இருந்தும் வாரக் கணக்கில் வெளியுலகுக்கு எட்டவில்லை. காரணம் எளிது. கடத்தலைப் பிடித்தோம் என்று சொல்ல அதிகாரிக்கு வாய் இருந்தது, முத்திரை போட்ட காகிதம் இருந்தது. பெண்கள் சேலம் சிறையில் இருந்தார்கள். அவர்களிடம் போய் யார் கேட்பது?

ஜூலையில் மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்கள் சித்தேரிப் பக்கம் போனபோதுதான், கீழே ஓர் ஊர் பாழாய்க் கிடக்கிறது என்று காதில் விழுந்தது. நேரில் போய்ப் பார்த்தார்கள். ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் பெயர், நாள், நேரம் கேட்டு எழுதினார்கள். அப்போது மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். சர்க்கார் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மறுத்தது. 1995-ல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023-ல் அதே செப்டம்பர் 29-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தர உத்தரவிட்டது.

அன்று எல்லாப் பத்திரிகைகளும் முதல் பக்கத்தில் போட்டன. சந்தோஷம். ஆனால் 1992 ஜூன் மாதம் அந்தப் பெண்கள் சொன்னதும் 2011-ல் நீதிபதி சொன்னதும் ஒன்றேதான். ஒரு வார்த்தை கூடவில்லை. சொன்னவர் யார் என்பது மட்டும் மாறியது.

இப்போது நம் குறையையும் பேசிவிட வேண்டும். நம் பத்திரிகைக்கு நான் எழுதியனுப்பிய செய்திகளையே எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. "ஆர்ப்பாட்டத்துக்கு இன்னார் தலைமை வகித்தார், இன்னார் முன்னிலை வகித்தார், இன்னார் இன்னார் கண்டனவுரை ஆற்றினர், இன்னார் நன்றி கூறினார்." பத்துப் பெயர் இருக்கிறது. எதற்காக ஆர்ப்பாட்டம் என்பது கடைசி வரியில் கிடக்கிறது! எத்தனை ரூபாய் பாக்கி, எத்தனை பேருக்கு, எந்த மாதத்திலிருந்து என்று ஒன்றுமில்லை. முதலாளி பத்திரிகை நம்மைப் பெரிய மனிதர் இல்லையென்று ஒதுக்குகிறது, நாமோ நமக்குள்ளேயே பெரிய மனிதர்களைத் தேடிப் பட்டியல் போடுகிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பட்டறையில் காண்டிராக்ட் தொழிலாளி ஒருவருக்கு பிரஸ்ஸில் இரண்டு விரல் போயிற்று. பட்டறைப் பெயரையும் அவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. விபத்தானால் சர்க்காருக்கு அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அவர்கள் தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, எல்லைக்கு அப்பால் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். காகிதம் இல்லை, ஆகவே விபத்து இல்லை. நான் கொதித்துப் போய் மூன்று பக்கம் எழுதினேன். சுரண்டல், அராஜகம், எல்லாம் இருந்தது. நிருபர் படித்துவிட்டு, "அண்ணா, எந்த நாள்? எந்த மெஷின்? எந்த கை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். அவர் பேசியது பாதி கன்னடம். அவர் மனைவிதான் எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தாள்: செவ்வாய்க்கிழமை, காலை நாலரை மணி, மூன்றாவது மெஷின், தடுப்புக் கம்பி கழற்றியிருந்தது, வலது கை. இத்தனையும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஏழாம் பக்கத்தில் நாலு வரி வந்தது. பட்டறையின் பெயர் போடவில்லை, "தனியார் தொழிற்சாலை" என்றிருந்தது. அவர் பெயரிலும் ஓரெழுத்துத் தப்பு. ஆனாலும் அந்தத் துண்டைக் கத்தரித்து, ஈ.எஸ்.ஐ. ஆபீசில் மனுவோடு வைத்துக் கொடுத்தோம். மனுவை வாங்க மாட்டேன் என்று முந்தின வாரம் சொன்ன குமாஸ்தா, துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.