புல்வெளி தரிசன்று

மைசூரிலிருந்து பந்திப்பூர், கூடலூர் வழியாக உதகைக்குச் செல்லும் நம்மவர் அனைவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மலையின் மடிப்புகளில் சோலைக்காடு அடர்ந்திருக்கும். சரிவுகளிலோ புல் பரந்திருக்கும். முன்னிருந்த காட்டை மனிதன் வெட்டி எரித்தமையால்தான் இப்புல்வெளி தோன்றிற்றோ என்னும் ஐயம் நெடுநாள் நிலவிற்று.

உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாச் சதுப்பு இதற்கு விடை தந்தது. அங்கே மட்கிய செடிகொடிகள் அடுக்கடுக்காகப் படிந்து கரிய மண்ணாகியுள்ளன. வறட்சி தாங்கும் வெப்பநாட்டுப் புற்களில் எடை மிகுந்த கார்பன் அணுக்கள் சற்றுக் கூடுதலாகவும், மரங்களில் குறைவாகவும் இருக்கும். அடுக்குதோறும் இவ்வேறுபாட்டை அளந்து, ஆர். சுகுமார் முதலிய ஆய்வாளர் 20,000 ஆண்டுப் பருவமழையின் வரலாற்றை 1993-இல் வெளியிட்டனர். பனியூழியின் கடுமை மிகுந்திருந்தபோது மழை குன்றிப் புல் மிகுந்தது; பின்னர் மழை வலுத்தபோது மரமும் ஈரம் விரும்பும் செடிகளும் பெருகின. ஆகவே, உழவும் மேய்ச்சலும் மலையேறுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே அங்குப் புல் இருந்தது. அதனால் மனிதனுக்குப் பங்கே இல்லை என்பதன்று. பிற்காலத்தில் தோடர் எருமை மேய்த்தும், பருவமறிந்து தீயிட்டும் அப்புல்வெளியைப் பேணி வந்தனர்.

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்நிலத்தைப் பயனற்றதென எண்ணினர். விறகுக்கென ஆஸ்திரேலியச் சீகையும் கற்பூர மரமும் நடப்பெற்றன. சீகை தானே பரவிப் புல்வெளியை விழுங்கிற்று. இன்று அதனை அகற்றப் பெரும்பொருள் செலவாகின்றது.

அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் நாம் இங்கு ஒரு சொல்லைக் கருதுகின்றோம். ஆங்கிலத்தில் ‘வேஸ்ட்லேண்ட்’ என்றிருப்பதைத் தமிழில் ‘தரிசு’ என எழுதிவிடுகின்றோம். சொல் மாறியதும் நிலத்தின் விதியும் மாறிவிடுகின்றது. தரிசென்றால் எதையும் நடலாம், எவருக்கும் கொடுக்கலாம் அன்றோ?

மைசூர் நாட்டில் வேறொரு வழக்கு உண்டு. சிக்கதேவராஜ உடையார் காலத்தில் ‘வெண்ணெய்ச் சாவடி’ என்றும், திப்பு சுல்தான் காலத்தில் ‘அம்ருத் மஹால்’ என்றும் பெயர் பெற்ற அரசாங்க மாட்டு மந்தைக்கென மேய்ச்சல் நிலங்கள் ஒதுக்கப்பெற்றன. அவற்றின் பெயர் ‘காவல்’. புல்லைக் காக்கத்தக்க செல்வமாகக் கருதியோர் இட்ட பெயர் அது. அக்காவல்களும் இன்று பெரிதும் சுருங்கிவிட்டன.

மரம் நடுதல் நல்லறமே. எனினும், நடுமுன் அந்நிலம் முன்பு எவ்வாறு இருந்தது என்று கேட்டறிதல் வேண்டும். மண்ணின் அடுக்குகள் அதற்கு விடை வைத்திருக்கின்றன.