தாயின் மூச்சும் சேயின் வளர்ச்சியும்

பிள்ளைத்தாய்ச்சி என்ற சொல் தமிழ் வீடுகளில் தனி மதிப்புடன் வழங்கி வருகின்றது. அவள் பாரம் தூக்கலாகாது; பசி கிடக்கலாகாது; அந்தி மயங்கிய பின் தனியே வெளியிற் செல்லலாகாது. அவள் விரும்பிய பண்டத்தை எங்கிருந்தாயினும் தேடிக் கொடுத்தல் சுற்றத்தாரின் கடமை. ஈருயிர்க்காரி என்று அவளைச் சுட்டும் வழக்கிலே, ஓருடலில் இரண்டு உயிர்கள் வாழ்கின்றன என்ற உணர்வு பொதிந்துள்ளது. இவ்வாறு கண்ணுங் கருத்துமாக அவளைக் காத்த முன்னோர், அவள் உண்ணும் உணவைக் கவனித்தனர். அருந்தும் மருந்தைக் கவனித்தனர். அவள் மூச்சோடு உட்கொள்ளும் காற்றை அளந்தறியும் கருவி மட்டும் அவர்களிடம் இருக்கவில்லை. இன்று அக்கருவிகள் உள்ளன. அவை காட்டும் உண்மை ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிய வேண்டியதொன்றாகும்.

கருவிலிருக்கும் குழந்தை தானாகக் காற்றைச் சுவாசிப்பதில்லை. அதன் உடல் வளர்வதற்கு வேண்டிய ஒட்சிசனும் ஊட்டமும் தாயின் குருதியிலிருந்தே கிடைக்கின்றன. நஞ்சுக்கொடி என வழங்கும் சூல்வித்தகத்தில் தாயின் குருதியும் சேயின் குருதியும் ஒன்றோடொன்று கலவாமல், மெல்லிய சவ்வின் இரு மருங்கிலும் ஓடுகின்றன. வேண்டியது உட்செல்லும், கழிவு வெளியேறும். இச்சவ்வு தீயன யாவற்றையும் தடுத்துவிடும் அரணென்றே நெடுங்காலம் பலரும் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. விறகோ எண்ணெயோ நிறைவாக எரியாதபோது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பிணைப்பாற்றலுடன் பற்றிக்கொள்ளும். பற்றிய இடத்தில் ஒட்சிசன் ஏற முடியாது. இவ்வாயு சூல்வித்தகத்தைக் கடந்து சேயின் குருதியையும் அடைகின்றது. தாயின் குருதியிலிருந்து நீங்குவதைவிடச் சேயின் குருதியிலிருந்து மெதுவாகவே நீங்குகின்றது.

புகையிலுள்ள நுண்துகள்களின் செய்தியும் இத்தகையதே. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறுகளாக்கினால், அவற்றுள் இரண்டரைக் கூறே இத்துகள்களின் பருமன். பல துகள்கள் அதனினும் சிறியவை. மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் ஆழம் வரை சென்று, மிகச் சிறியவை குருதியிலும் கலக்கின்றன. பெல்ஜியம் நாட்டின் ஹசல்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள், மகப்பேற்றின் பின் பெறப்பட்ட சூல்வித்தகங்களை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டிலே தம் முடிவை வெளியிட்டனர். புகைக்கரியின் துகள்கள் சூல்வித்தகத்தின் சேய்ப்புறத்திலேயே காணப்பட்டன. தாய் வாழ்ந்த இடத்தின் காற்றிற் கரி மிகுந்திருந்தால், அவள் சூல்வித்தகத்திலும் அது மிகுந்திருந்தது.

துகள்கள் அங்கே உள்ளன என்பது வேறு. அவை குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கின்றன என்பது வேறு. பின்னதை நிறுவுதல் எளிதன்று. கர்ப்பவதிகளைப் புகையில் இருத்திச் சோதனை செய்தல் அறமாகாது. ஆகவே ஆய்வாளர், பிற காரணங்களால் ஓரிடத்தின் காற்றுத் திடீரென மாறிய காலங்களைத் தேடினர். அத்தகைய இரண்டு நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே நிகழ்ந்தது. அங்கே மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் பெரிய உருக்காலை ஒன்றிருந்தது. குளிர்காலத்தில் நிலத்தோடு படிந்த குளிர்காற்றின்மீது வெப்பக்காற்று மூடிபோற் கவிந்து புகையை மேலெழ விடாது தடுக்கும். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், தொழிற்பிணக்கொன்றினால் ஆலை மூடப்பட்டது. 1987 செப்ரெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய பதின்மூன்று மாதங்கள் அப்பள்ளத்தாக்கு முன்னிலும் தூய காற்றைப் பெற்றது. அக்காலத்துப் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஆலை மூடியிருந்த காலத்திற் கருவுற்றிருந்த தாய்மாரிடையே குறைமாதப் பிறப்புகள் குறைந்திருந்தன எனக் காட்டியது. கருவின் நடு மூன்று மாதங்களில் இப்பயன் தெளிவாகத் தெரிந்தது. ஊதியம் பற்றிய பிணக்கில் ஈடுபட்டோர் எவரும் பிறவாத குழந்தைகளை நினைத்திருக்கமாட்டார். ஆயினும் அக்குழந்தைகள் பயன் பெற்றன.

இரண்டாவது, சீனத்தின் தலைநகராகிய பெய்ஜிங்கில் நிகழ்ந்தது. 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு விழாவை முன்னிட்டு அந்நகரத்து அரசினர் தொழிற்சாலைகள் பலவற்றை நிறுத்தினர். இலக்கத்தகட்டின் ஒற்றை எண், இரட்டை எண்ணுக்கேற்ப வாகனங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடச் செய்தனர். விருந்தினரின் கண்ணுக்கு வானம் நீலமாகத் தோன்ற வேண்டும் என்பதும், ஓட்டவீரர் மூச்சுத் திணறலாகாது என்பதும் அவர்தம் நோக்கம். பின்னர் ஆய்வாளர், நகரின் நான்கு பிரிவுகளில் நிறைமாதத்திற் பிறந்த 83,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஒப்பிட்டனர். விழாக்காலத்தில் எட்டாம் மாதத்தைக் கழித்த தாய்மாரின் குழந்தைகள், 2007இலும் 2009இலும் அதே நாட்களில் எட்டாம் மாதத்தைக் கழித்த தாய்மாரின் குழந்தைகளைவிடச் சராசரியாக 23 கிராம் கூடிய நிறையுடன் பிறந்தன. கருவிலுள்ள குழந்தை விரைந்து நிறை கூடும் காலம் கடைசி மாதங்களே என்பது இங்கு நினைக்கத் தக்கது.

இருபத்துமூன்று கிராம் என்பது ஒரு பிடி அரிசிக்கும் குறைவானது. கொழுகொழுவென்று மூன்றரைக் கிலோகிராம் நிறையுடன் பிறக்கும் பிள்ளைக்கு இதனால் ஆவதொன்றுமில்லை. ஆனால் 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறக்கும் பிள்ளையைக் குறைநிறைக் குழந்தை என மருத்துவ உலகம் வகுத்துள்ளது. அவ்வாறு பிறந்த பிள்ளைகள் முதல் மாதங்களில் நோய்க்கு எளிதில் இரையாகின்றனர். எல்லைக் கோட்டருகே நிற்கும் குழந்தைகளுக்கு ஒரு பிடி அரிசியின் நிறையும் பெரிதே. அன்றியும், ஒரு நகரத்துப் பிள்ளைகள் எல்லோரும் சராசரியாக இவ்வளவு கூடுதல் நிறையுடன் பிறத்தல், அக்கோட்டின் கீழ் விழவிருந்த பலரை மேலே நிறுத்துவதாகும்.

ஆலைப் புகையும் வீதிப் புகையும் ஊருக்குப் பொதுவானவை. அடுப்புப் புகையோ வீட்டுக்குள்ளேயே பிறப்பது. அதன் அருகில் நெடுநேரம் நிற்பவள் பெண்ணே. விறகடுப்பை நீக்கினால் குழந்தையின் நிறை கூடுமா என்பதை அறிய, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 2018ஆம் ஆண்டிலே பெரிய ஆய்வொன்று தொடங்கியது. இந்தியாவில் அது தமிழகத்துக் கிராமங்களில் நடைபெற்றது. கர்ப்பவதிகள் 3,200 பேர் சேர்க்கப்பட்டனர். பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. ஏனையோர் விறகடுப்பையே பயன்படுத்தினர். எரிவாயு பெற்ற தாய்மார் சுவாசித்த நுண்துகள், ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 71 மைக்கிரோகிராமுக்குப் பதிலாக ஏறத்தாழ 24 ஆகக் குறைந்தது. எனினும் 2022இல் முடிவுகள் வெளிவந்தபோது, இரு பகுதியாரின் குழந்தைகளுக்குமிடையே பிறப்பு நிறையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவை மறைத்துவிட்டுப் பேசுதல் நேர்மையாகாது. இதனாற் புகை தீங்கற்றது என்று கொள்வதும் பொருந்தாது. அத்தாய்மார் ஆய்வில் சேர்ந்தபோது கருவின் தொடக்க வாரங்கள் கழிந்துவிட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி அளவு 5 மைக்கிரோகிராமே. 24 என்பது அதனினும் நான்கு மடங்குக்கு மேற்பட்டது. பிறப்பு நிறை புகையொன்றினால் மட்டும் அமைவதுமன்று. தாயின் ஊட்டம், குருதிச்சோகை, நோய், பிள்ளைப்பேறுகளுக்கிடையேயான காலம் யாவும் அதில் சேர்கின்றன. ஒரு வீட்டில் அடுப்பை மாற்றினாலும், அயல்வீட்டுப் புகை வேலியைத் தாண்டி வருகின்றது. காற்றுக்கு எல்லைக்கல் நாட்ட இயலாது. இவ்வாய்வு கற்பிக்கும் பாடம் இதுவேயாம்: ஒரு தாயின் கையில் மட்டும் ஓர் அடுப்பைக் கொடுத்துவிட்டு, ஊரார் தம் கடமை முடிந்ததென்று இருந்துவிட முடியாது.

இலங்கையில் இவ்வுண்மை 2022ஆம் ஆண்டிலே பலருக்கும் நேரில் விளங்கிற்று. எரிவாயுத் தட்டுப்பாட்டினால், விறகை மறந்திருந்த நகரத்து வீடுகளிலும் புகை எழுந்தது. புகைபோக்கியும் சாளரமும் இல்லாத சிறிய அறைகளில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் கலங்கிய பெண்களுள் கர்ப்பவதிகளும் இருந்தனர். வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. அத்தகைய தாயொருத்தியின் பிள்ளை நிறை குறைந்து பிறந்தால், அவள்மீது குற்றஞ் சுமத்துவது பெரும் பிழையாகும்.

ஆனால் உடனிருப்போர் செய்யக்கூடியவை பலவுண்டு. விறகை வெயிலில் நன்கு காயவைத்து அடுக்குதல், கணவன் செய்யத்தக்க வேலை. அடுப்பின் மேல் புகைபோக்கி அமைத்தலும், சமைக்கும் வேளையில் கதவையும் சாளரத்தையும் திறந்து விடுதலும் பெருஞ் செலவில்லாதவை. பிள்ளை பிறக்கும் வரை அடுப்படி வேலையை மாமியாரோ நாத்தனாரோ, கணவன்தானோ ஏற்றுக்கொள்ளலாம். பீடியும் சுருட்டும் பிடிப்பவர், அவள் இருக்கும் வீட்டில் அவற்றைப் பற்றவையாதிருத்தல் வேண்டும். வளவுக் குப்பையையும் பிளாத்திக்குப் பைகளையும் வேலியோரத்திற் குவித்துக் கொளுத்தும் பழக்கத்தை அயலார் கைவிடல் வேண்டும். வீட்டுக்கு வரும் மருத்துவமாதிடம் ஊட்டத்தைப் பற்றிக் கேட்பதுபோல், அடுப்பைப் பற்றியும் கேட்டறியலாம். வீதியில் கரும்புகை கக்கும் வாகனத்தையும் ஆலைப் புகைபோக்கியையும் கட்டுப்படுத்துதல் ஆட்சியாளரின் பொறுப்பு. பெய்ஜிங் நகரம் விருந்தினருக்காகச் சில வாரங்கள் செய்ததைத் தன் மக்களின் பிள்ளைகளுக்காக ஆண்டு முழுவதும் செய்யலாகாது என்று எந்த அரசும் கூற முடியாது.

உணவு வேண்டாமென்றால் தாய் தட்டை விலக்கி வைக்கலாம். மூச்சை விலக்கி வைக்க அவளால் இயலாது. அவள் சுவாசிக்கும் காற்றை ஆக்குபவர் பெரும்பாலும் பிறரே. பிள்ளைத்தாய்ச்சிக்கு முதற் கவளத்தை எடுத்துவைக்கும் சமுதாயம், அவளுக்குத் தூய காற்றையும் எடுத்துவைக்கக் கற்றுக்கொள்ளுமாயின், கண் திறவாத குழந்தைக்கு அதனினுஞ் சிறந்த வரவேற்பு வேறில்லை.