நீச்சல் குளத்தில் கண்ணெரிச்சல்: குளோரின் மட்டுமா காரணம்?



நீச்சல் வகுப்பு முடிந்து வீடு திரும்பும் பிள்ளைக்குக் கண்கள் சிவந்திருக்கின்றன, இருமலும் இருக்கிறது. "குளத்தில் குளோரின் அதிகம் போலிருக்கிறது. இனி நீச்சலே வேண்டாம்" என்று தாயார் முடிவு செய்துவிடுகிறார். அந்த முடிவு சரிதானா?

குளோரின் நச்சு வாயு என்பது உண்மையே. 1915-ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே அது போர் ஆயுதமாகவே பயன்பட்டது. ஆனால், குளத்து நீரில் சேர்க்கப்படும் அளவு மிகக் குறைவு. ஒரு லிட்டர் நீருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருந்தாலே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பல கிருமிகள் விரைவில் அழிந்துவிடும். குளோரின் இல்லாத பொதுக்குளம்தான் பெரிய ஆபத்து.

அப்படியானால் எரிச்சல் எதனால்? நீந்துவோரின் வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேரும்போது குளோரமைன் என்னும் பொருள்கள் உருவாகின்றன. அவற்றுள் ஒன்றான டிரைகுளோரமைன் எளிதில் ஆவியாகி நீர்மட்டத்திற்குச் சற்று மேலே தங்குகிறது. நீந்துபவர் மூச்சை இழுக்கும் இடமும் அதுதான். 'குளோரின் வாடை' என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இதன் வாடையே. வாடை கடுமையாக இருந்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

திறந்தவெளிக் குளங்களில் காற்று இந்த ஆவியைக் கலைத்துவிடும். காற்றோட்டமில்லாத உள்ளரங்குக் குளங்களில் அது தேங்கி நிற்கும். உள்ளரங்குக் காற்றில் இது ஒரு கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் தற்காலிக வரம்பு விதித்தது.

ஆஸ்துமா பற்றிய கவலையும் பெற்றோருக்கு உண்டு. உள்ளரங்குக் குளங்களுக்கும் சிறுவர் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினர். ஆனால், இங்கிலாந்தில் 5,700-க்கும் மேற்பட்ட சிறுவர்களைக் கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், நீச்சலால் ஆஸ்துமா கூடியதாகத் தெரியவில்லை. அடிக்கடி நீந்தியவர்களின் நுரையீரல் சற்று நன்றாகவே இயங்கியது.

ஆகவே, நீச்சலை நிறுத்துவதைவிட நல்ல பழக்கங்களைக் கற்றுக்கொடுப்பதே மேல். இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் உடலைக் கழுவினாலே பெரும்பகுதி அழுக்கு போய்விடும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பும், இடையிடையேயும் கழிவறைக்கு அனுப்ப வேண்டும். கரையேறியதும் மீண்டும் குளிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சிழுப்பு மருந்து குளக்கரையிலேயே இருக்கட்டும். பயிற்றுநரிடமும் சொல்லி வைக்க வேண்டும். மூச்சு இரைத்தால் உடனே காற்றோட்டமான இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வீட்டில் சொந்தக் குளம் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை: குளோரின் மருந்தையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் வெளிப்படுவது அதே நச்சு வாயுதான்.

கண்ணெரிச்சல் சில மணி நேரத்தில் ஆறிவிடும். நீந்தத் தெரியாத பிள்ளை ஆழமான நீரில் தவறி விழுந்தால் மீட்பதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும். பெற்றோர் இதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.