பால் டின்னில் ஏன் குழந்தை படம் இல்லை?

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தன் பேச்சுக்கு வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. நர்ஸ் போல உடுத்திய விற்பனைப் பெண்கள், பிள்ளை பெற்றவர்களிடம் இனிப்பு டின்பாலைத் தள்ளிவிட்ட காலம் அது. அந்தப் பாலால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார்.

1970-களில் ஆப்பிரிக்காவில் பால்பவுடராலும் இதே கதை நடந்தது. ஆஸ்பத்திரியில் இலவசமாக ஒரு டின் கிடைக்கும். அது தீர்வதற்குள் தாய்க்குப் பால் வற்றத் தொடங்கிவிடும். அடுத்த டின்னுக்குக் காசு? ஏழைத் தாய் நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். தண்ணீரும் சுத்தமில்லை. வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் மடிந்தன. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1981-ல் உலக சுகாதார சபை இப்படிப்பட்ட பால்பவுடர் விற்பனைக்குக் கடிவாளம் போடும் நெறிமுறையை நிறைவேற்றியது. ஆதரவு 118 நாடுகள். எதிர்த்தது அமெரிக்கா மட்டும். ஆனால் நெறிமுறை தானாகச் சட்டமாகிவிடாது. இந்தியா 1992-ல் சட்டம் போட்டது. விளம்பரம் கூடாது, டின்னில் குழந்தை படம் கூடாது, டாக்டருக்குப் பரிசு கூடாது. கம்பெனி ஆள் யாராவது இலவச டின் நீட்டினால் அது குற்றம். தயங்காமல் புகார் கொடுங்கள்.